தனுஷ்கோடிக்கு ரயில் யாருக்காக?

கேள்வி: 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி ரயில் நிலையத்தை அறுபது வருஷமாகத் திரும்பக் கட்டாமல் விட்டிருக்கிறார்களே, இது தென் மாவட்டங்களை வஞ்சிப்பதுதானே? 2019-ல் அடிக்கல் நாட்டியதும் அதோடு சரி!
(ஒரு வாசகர், பரமக்குடி)

பதில்: தென் மாவட்டங்களை வஞ்சித்த கணக்கு நிறையவே உண்டு. இதை அதில் சேர்க்காதீர்கள். அந்த ஸ்டேஷனை ஊர்க்காரர்களுக்காகக் கட்டவில்லை, ராமநாதசுவாமியைக் கும்பிடப் போகிறவர்களுக்காகவும் கட்டவில்லை. கப்பலுக்காகக் கட்டினார்கள்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கும்வரை, ரயிலில் வந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்ததும் எழும்பூரிலிருந்து கிளம்பும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடித் துறைக்கே போனது. அங்கே கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார்; அக்கரையில் இறங்கினால் கொழும்பு ரயில். அந்தக் காலத்து ரயில் வரைபடம் கிடைத்தால் பாருங்கள்: பாம்பனிலிருந்து மெயின் லைன் தனுஷ்கோடிக்குப் போகும், ராமேஸ்வரம் வெறும் கிளை. வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சாமியைவிட, தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலியாள் முக்கியம். அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அக்கரைக்கு அனுப்பினார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனை விட்டுக் கிளம்பிய பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி இறங்கவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார், பிறகு நீளமாக விசில் கொடுத்துவிட்டு இருட்டில் மெல்ல நகர்த்தினார் என்று சொல்வார்கள். கடல் ஏறி வந்து வண்டியை அப்படியே வாரிக்கொண்டது. நூறு பேருக்கு மேல் போனார்கள்.

அதே புயல் பாம்பன் பாலத்தையும்தான் பிய்த்தெறிந்தது. அதை ரயில்வே என்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் தூக்கி நிறுத்திவிட்டார்கள். ஆக, ரயில்வேக்குக் கை வராமல் இல்லை. ஆனால் ஊரையே குடியிருக்க லாயக்கில்லை என்று மாநில அரசு அறிவித்துவிட்டது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் இல்லாத துறைக்கு எவன் தண்டவாளம் போடுவான்? புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபர் 30 அன்று, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி திருப்பி அனுப்பப்பட்ட, தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழர்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய தாத்தா கப்பல் ஏறிய தனுஷ்கோடி ஸ்டேஷன் அப்போது மணலில் கிடந்தது. எண்பதுகளில் இலங்கைக் கலவரமும் போரும் அந்தக் கப்பலையும் நிறுத்தின.

2019 திட்டத்துக்கு வருவோம். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் பாதை, 208 கோடி ரூபாய். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் திட்டு. 2017 முதல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை நல்ல ரோடு இருக்கிறது. இடிந்த சர்ச்சுக்கு முன்னால் போட்டோ எடுக்கிற கூட்டத்துக்கு அது தாராளம்.

இல்லை, ரயில் வந்தே தீர வேண்டும் என்கிறீர்களா? அக்கரையைப் பாருங்கள். போரில் சிதைந்த தலைமன்னார் பாதையை இந்திய நிறுவனமே போட்டுக்கொடுத்து, 2015 மார்ச்சில் நம் பிரதமர் போய்க் கொடியசைத்தார். ரயில் துறைமுகம் வரைக்கும் வருகிறது. ஏறுவதற்குத்தான் கப்பலைக் காணோம். மனுவை ரயில்வேக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, கப்பலைக் கேட்டு வெளியுறவுத் துறைக்கு அனுப்புங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.