அஜைல் வந்தபிறகு வாட்டர்ஃபாலுக்கு வேலையே இல்லையா?

"வாட்டர்ஃபால் காலாவதியான முறை, அஜைல்தான் சரி என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 18 வருஷமாக மென்பொருள் செய்யும் வேலையில் இருக்கிறேன். ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்தது என்று வரிசையாகச் செய்வது வாட்டர்ஃபால்; சின்னச் சின்னத் துண்டாகச் செய்து, அடிக்கடி காட்டி, திருத்திக்கொண்டே போவது அஜைல். இரண்டு முறையிலும் ப்ராஜெக்ட் ஊற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

தேவை, டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று படிக்கட்டாக இறங்கும் அந்தப் பிரபலமான படம் 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற மென்பொருள் நிபுணர் எழுதிய கட்டுரையில் வந்தது. அதில் 'வாட்டர்ஃபால்' என்ற சொல்லே கிடையாது. படத்தைப் போட்ட கையோடு, இப்படியே செய்தால் ஆபத்து என்றும் எழுதினார்: டெஸ்டிங் கடைசியில் வருவதால், தப்பு தெரியும்போது டிசைனையே மாற்ற வேண்டியிருக்கும். புது மாதிரி மென்பொருள் என்றால் இரண்டு தடவை செய்யுங்கள், வாடிக்கையாளரை முதலிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் இந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கைக்கும் இதே கதிதான். செயல்முறை, கருவிகளைவிட மனிதர்களும் அவர்கள் பேசிப் பழகுவதும் முக்கியம் என்றுதான் அது தொடங்குகிறது. இன்று பல டீம்களில் அஜைல் என்றால், வேலைகளைப் பட்டியலிடும் ஜிரா என்ற மென்பொருளில் டிக்கெட்டை நகர்த்துவது.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு ஸ்டாக் மென்பொருள் செய்தோம். ஸ்பிரிண்ட் எனும் இரண்டு வார வேலைச் சுற்று, தினமும் ஸ்டாண்டப் எனும் குட்டிக் கூட்டம், தவறாமல் டெமோ. டெமோ பார்த்தவர் தலைமை அலுவலக மேனேஜர். ஏழு மாதம் கழித்து குடோனில் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அங்கே பேலை, அதாவது கட்டிய துணி மூட்டையை, பிரிக்காமலே அடுக்கிவிடுவார்கள். ஆர்டர் வந்தால்தான் பிரிப்பார்கள். எங்கள் மென்பொருளோ உள்ளே என்ன டிசைன், எத்தனை பீஸ் என்று பதியாமல் சரக்கை ஏற்காது. "சார், ஒருநாள் இங்க வந்து பாத்திருக்கலாமே" என்றார் குடோன் பெரியவர். எந்த ஸ்பிரிண்ட்டிலும் இந்தக் கேள்வி எழவில்லை. தெரிந்த வேலையை ஒழுங்குபடுத்தத்தான் முறை உதவும். தெரியாததை அது கண்டுபிடித்துத் தராது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேஸ்மேக்கர் மாதிரி, வெளியே போனபின் திருத்துவது கடினமான பொருளுக்கு முன்கூட்டியே விரிவாகத் திட்டமிடுவதுதான் சரி. வாரம் ஒருமுறை மாற்றிப் போடக்கூடிய இணையதளத்துக்கு அஜைல் நன்றாகவே ஒத்துவரும். விலையும் தேதியும் அம்சங்களும் ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிட்டால், ஸ்பிரிண்ட் என்பது தவணை முறை வாட்டர்ஃபால்தான்; நான் பார்த்த 'அஜைல்' ப்ராஜெக்ட்களில் பெரும்பாலானவை இந்த ரகம்.

இப்போதெல்லாம் முதல் வாரம் லேப்டாப்பைத் திறப்பதில்லை. மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.