கிளாம்பாக்கம்: பஸ் முதலில், ரயில் அப்புறம் – கேள்வி பதில்

பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட தென்மாவட்ட பஸ்களுக்காகச் சென்னையின் தெற்கு ஓரத்தில் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறந்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் முக்கியமானவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கோயம்பேடு நன்றாகத்தானே இருந்தது? எதற்காக 30 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்? (விருகம்பாக்கம் வாசகர்)

கோயம்பேடு 2002 நவம்பரில் திறந்தது. அப்போதும் இதே கேள்விதான். பாரிமுனையில் இருந்த வெளியூர் பஸ்களை ஏன் ஊருக்கு வெளியே தள்ளுகிறீர்கள் என்று கேட்டார்கள். இருபது வருடத்தில் ஊர் கோயம்பேட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டது. தெற்கே போகும் ஒவ்வொரு பஸ்ஸும் வடபழனி, கத்திப்பாரா, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஊர் முழுக்க ஊர்ந்துதான் வெளியேற வேண்டியிருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயம்பேட்டில் ஏறி, பெருங்களத்தூர் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தவர்கள் ஏராளம்.

அட்டவணை போடுகிறவன் கணக்கில் பாருங்கள். கிளாம்பாக்கத்திலேயே திரும்பும் பஸ்ஸுக்குப் போக வர 60 கிலோமீட்டர் மிச்சம். டீசல் மிச்சம், டிரைவருக்கு ஓய்வு நேரம் மிச்சம். அதனால் இடமாற்றம் சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மிச்சம் முழுவதும் பஸ்ஸை ஓட்டுகிற பக்கம் போனது. கடைசி 30 கிலோமீட்டரின் செலவும் அலைச்சலும் பயணியின் தலையில் விழுந்தது. என் வருத்தமெல்லாம் அங்கேதான்.

சார், முனையத்துக்கு எதிரிலேயே தண்டவாளம் ஓடுகிறது. அப்படியிருந்தும் திறந்த அன்று ஏன் அங்கே ஒரு ரயில்கூட நிற்கவில்லை? (ஊரப்பாக்கம்)

எனக்கு வந்த கேள்விகளில் முதல் இடம் இதற்குத்தான்.

கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அதன் நீட்சியான செங்கல்பட்டுத் தடம் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே, சென்னையிலிருந்து தெற்கே போகும் பிரதான நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே போகிறது. சாலைக்கு இந்தப் பக்கம் முனையம், அந்தப் பக்கம் தண்டவாளம். முனையத் திட்டத்தை அறிவித்தது 2013-ல். அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். 88 ஏக்கரில், சுமார் 394 கோடி ரூபாய் செலவில் கட்டி 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். ரயில் நிலையம் கட்டுவதற்கான 20 கோடி ரூபாயைத் தெற்கு ரயில்வேக்கு மாநில அரசு கொடுத்தது எப்போது தெரியுமா? 2024 ஜனவரியில். முனையம் திறந்த பிறகு.

பணம் இல்லாமலா? 394 கோடி போட்டவர்களுக்கு 20 கோடி பெரிய விஷயமில்லை. முனையம் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பொறுப்பு, தண்டவாளம் ரயில்வே பொறுப்பு, நடுவில் கிடக்கும் சாலை நெடுஞ்சாலைக்காரர்கள் பொறுப்பு, நிலம் வருவாய்த்துறை பொறுப்பு, உள்ளூர் பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. இவர்கள் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து "எல்லாம் ஒரே நாளில் தயாராக வேண்டும்" என்று சொல்ல ஆள் இல்லை. அதற்காகவே உருவானதுதான் கும்டா என்கிற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். அதற்கான சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்களில் அந்த நாற்காலி காலியாக இருந்தது என்பதுதான் இதற்குப் பொருள்.

கோயம்பேட்டுக்கும் ஆரம்பத்தில் ரயில் கிடையாதே? மெட்ரோ வந்தது 2015-ல்தானே? அப்போது யாரும் இப்படிப் பேசவில்லை. (அண்ணா நகர்)

உண்மை. 2015 ஜூன் 29-ல்தான் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அதுவரை பதின்மூன்று வருடம் பஸ்ஸை மட்டும் நம்பித்தான் கோயம்பேடு இருந்தது. ஆனால் அது நூறடிச் சாலையின் மேலேயே இருந்தது. நாலா பக்கமும் மாநகரப் பஸ் வந்து போனது. ராத்திரி ஆட்டோ பிடித்தாலும் ஊருக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வீடு வந்துவிடும்.

கிளாம்பாக்கம் நகரத்தின் தெற்கு ஓரத்தில், ஒரே ஒரு சாலையின் மேல் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வர அந்தச் சாலை இருக்கிறது, இல்லையென்றால் தண்டவாளம் இருக்கிறது. இரண்டில் பெரியதைத் திறக்காமல் முனையத்தைத் திறந்ததால்தான் ஜனங்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன்.

இந்தக் குளறுபடிக்கு எந்தக் கட்சி காரணம்?

அறிவித்ததும் அடிக்கல் நாட்டியதும் அ.தி.மு.க. ஆட்சி, கட்டி முடித்துத் திறந்தது தி.மு.க. ஆட்சி. ரயில் நிலையத்தை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க இருவருக்கும் நேரம் இருந்தது.

மெட்ரோ வரப்போகிறது என்கிறார்களே, அப்புறம் சாதாரண ரயில் நிலையத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? (பல்லாவரம் வாசகி)

இரண்டின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அம்மா. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ 15.46 கிலோமீட்டர், 13 நிலையங்கள், திருத்திய மதிப்பீடு 9,335 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 600 கோடி. தண்டவாளம் ஏற்கனவே கிடக்கிற இடத்தில் ஒரு நிறுத்தம் கட்ட 20 கோடி.

மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் மக்களுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் அது மத்திய அரசு ஒப்புதல், கடன், நில எடுப்பு, ஜி.எஸ்.டி. சாலை மேலேயே தூண்கள் என்று வருடக்கணக்கில் ஆகும் வேலை. இன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவருக்கு மின்சார ரயில்தான் பதில். மெட்ரோ வரும் என்று சொல்லி ரயில் நிலையத்தை யாராவது தள்ளிப்போட்டால் விடாதீர்கள்.

என் அப்பாவுக்கு முழங்கால் வலி. ரயில் நிலையத்துக்கும் முனையத்துக்கும் நடுவே 400 மீட்டர் ஆகாய நடைபாதை என்கிறார்கள். அவரால் முடியுமா? (திருநெல்வேலி)

திட்டத்தில் எனக்குக் கவலை தரும் பகுதி இதுதான். சாலையைத் தாண்டிப் போக அந்த நடைபாதை இருந்தே ஆக வேண்டும். லாரியும் பஸ்ஸும் பறக்கிற ஜி.எஸ்.டி. சாலையைக் கீழே கடப்பது ஆபத்து. ஆனால் நடைபாதைக்கான நில எடுப்பு இழுபட்டது. நிலையம் ஒரு கால அளவிலும் நடைபாதை இன்னொரு கால அளவிலும் நகர்ந்தன.

400 மீட்டர் என்பது நல்ல கால் உள்ளவருக்கு ஐந்து நிமிடம். பெட்டியும் குழந்தையும் இருந்தால் பத்து நிமிடம். உங்கள் அப்பா போன்றவருக்கு மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் எல்லா நேரமும் ஓட வேண்டும், நடுவில் உட்கார இடம் வேண்டும், முனையத்துக்குள்ளே நடைமேடை வரை பேட்டரி வண்டி வேண்டும். திறப்பு விழா அன்று ஓடுகிற மின்தூக்கி ஆறு மாதம் கழித்தும் ஓடுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

நாங்கள் பெரம்பூர். தஞ்சாவூர் போக வேண்டுமென்றால் கிளாம்பாக்கம் வரை போய்த்தான் ஆக வேண்டுமா?

முதலில் மாதவரம் பஸ் நிலையத்தைப் பாருங்கள். கிளாம்பாக்கத்துக்கு மாற்றியபோதே வடசென்னைக்காரர்களுக்காகத் தெற்கே போகும் பஸ்களில் ஒரு பகுதியை மாதவரத்திலிருந்து ஓட்ட ஏற்பாடு செய்தார்கள். பலருக்கு இது தெரிவதே இல்லை. உங்களுக்கான நேரத்தில் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடத்தைத் தேடிப் பாருங்கள்.

கிடைக்காவிட்டால், கடற்கரை நிலையம் வந்து செங்கல்பட்டு ரயிலைப் பிடியுங்கள். சாயங்கால நெரிசலில் சாலையில் போவதைவிட அது உத்தமம். கோயம்பேடு பக்கம் இருப்பவர்களுக்கு 70வி மாநகரப் பஸ் இருக்கிறது. 2025-ல் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்கலாம். இந்த மாதிரி இரண்டு மூன்று வண்டி மாறும் பயணத்துக்குத்தான் அது நிஜமாகவே உதவும்.

ஆம்னி பஸ்காரர்கள் மட்டும் ஏன் நீதிமன்றம் போனார்கள்? (சேலம்)

2024 ஜனவரி 24 முதல் தென்மாவட்ட ஆம்னி பஸ்கள் கிளாம்பாக்கத்திலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர்களுடைய பணிமனைகள், அலுவலகங்கள் எல்லாம் கோயம்பேட்டைச் சுற்றி இருந்தன. வண்டியைக் கழுவவும் நிறுத்தவும் வழி செய்யாமல் போகச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடாக, கோயம்பேடு பணிமனைகளிலும் போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளிலும் ஆள் ஏற்றி இறக்க அனுமதித்தது.

அவர்களுக்கு லாப நோக்கம் இருந்திருக்கலாம். ஆனாலும் வாதத்தில் பாதி நியாயம். நிறுத்துமிடத்துக்கு முடிச்சூர் பக்கம் இடம் ஒதுக்கினார்கள், ஆனால் அது முனையத்தோடு கூடவே தயாராகவில்லை. ரயில் நிலையத்துக்கு நடந்த அதே கதைதான் இங்கேயும்.

2024 பிப்ரவரியில் நள்ளிரவில் பயணிகள் மறியல் செய்தார்களே, அது எதனால்? (திருச்சி)

வாரக் கடைசி ராத்திரி. திருச்சி பக்கம் போக வந்தவர்களுக்குப் போதுமான பஸ் இல்லை. வெளியூர் பஸ்களை முழுதாக மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அட்டவணைக்காரனாக நான் பார்ப்பது இது. கோயம்பேட்டில் ஒரு ஊர் பஸ் நிறைந்துவிட்டால் மீதிப் பேர் வேறு வழி தேடுவார்கள். ஆம்னி இருக்கும், எழும்பூரில் ரயில் இருக்கும், இல்லையென்றால் வீடு திரும்பிக் காலையில் வருவார்கள். கிளாம்பாக்கத்தில் ராத்திரி 12 மணிக்கு வீடு திரும்ப வழியில்லை. ஆகவே அங்கே கூடுதல் பஸ்கள் தயாராக நிற்பது கோயம்பேட்டைவிட அதிகம் தேவை. ஒதுக்குப்புறமான நிலையத்துக்கு இருப்பு வண்டி கூடுதலாக வேண்டும் என்பது எங்கள் வேலையின் பால பாடம்.

மழைக்கு வாசலில் தண்ணீர் நிற்குமா?

திறப்பதற்கு முன்பே ஜி.எஸ்.டி. சாலையில் தேங்கியது. அப்புறம் மழைநீர் வடிகால் கட்டினார்கள். சுற்றியிருக்கும் ஏரிகளின் நீர்வழிகள் திறந்திருக்கும் வரைதான் வடிகால் வேலை செய்யும்.

கோயம்பேடு இடத்தை என்ன செய்யலாம்? (சாலிகிராமம்)

பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ் பூங்காவாக்கச் சொல்கிறார். வணிக வளாகம் என்ற பேச்சும் அடிபடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை, வேலூர், பெங்களூர் பஸ்களுக்கு அதுதான் இடமாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. வாசலில் மெட்ரோ உள்ள பெரிய நிலம் சென்னையில் இனி கிடைக்காது. ஒரு பகுதி மரங்களோடு பொதுவெளியாகவும், ஒரு பகுதி மாநகரப் பஸ்களுக்கும் இருக்கட்டும். முழுவதையும் விற்பதை மட்டும் எதிர்க்கிறேன்.

கடைசிக் கேள்வி. ரயில் நின்றாலே பிரச்சினை தீர்ந்துவிடுமா? (தாம்பரம்)

எந்த நேரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மின்சார ரயில் அட்டவணை அலுவலகம் போகிறவர்களுக்காகப் போட்டது. காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8 வரை நெருக்கமாக ஓடும். ஆனால் மதுரை, நெல்லை, நாகர்கோவில் பஸ்கள் வந்து இறக்குவது விடியற்காலை 3 மணியிலிருந்து 6 மணிக்குள். புறப்படுவது ராத்திரி 8-லிருந்து நள்ளிரவு வரை. ரயில் அடர்த்தியாக ஓடாத நேரம்தான் முனையத்துக்கு உச்ச நேரம்.

அதனால் நான் கேட்பது, வார நாட்களில் இல்லாவிட்டாலும் வெள்ளி ராத்திரியும் திங்கள் விடியற்காலையும் இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில். அது முடியாத இடைவெளியில் தாம்பரம், கிண்டி, எழும்பூர் வழியாக மாநகரப் பஸ். ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் ஒருவர் அட்டவணையை இன்னொருவர் பார்த்துவிட்டுப் போட வேண்டும். பெங்களூர் சாலையில் குத்தம்பாக்கத்தில் மேற்கு மாவட்ட பஸ்களுக்கு இன்னொரு முனையம் கட்டுகிறார்கள். அதன் பக்கத்தில் தண்டவாளமும் கிடையாது. அங்கிருந்து பூந்தமல்லி மெட்ரோவுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதைத் திறப்பு விழாத் தேதி குறிப்பதற்கு முன்பே எழுதி வெளியிடச் சொல்லி நீங்களும் கேளுங்கள்.