கூரையில் ஏறிய நாய்

அன்புள்ள ஐயா,
ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் மனதில் நிற்பதே இல்லை. அவற்றின் பிறப்புக் கதைகள் வாட்ஸப்பில் வந்தன. அந்தக் கால இங்கிலாந்தில் நாயும் பூனையும் வைக்கோல் கூரைக்குள் படுத்திருக்குமாம், பெருமழையில் வழுக்கிக் கீழே விழுமாம். அதுதான் கொட்டுகிற மழையைச் சொல்லும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. உயிரோடு புதைக்கப்பட்டவர் இழுப்பதற்காகச் சவப்பெட்டியில் மணி கட்டுவார்களாம். அதுதான் கடைசி நொடியில் தப்பியதைச் சொல்லும் 'சேவ்ட் பை த பெல்'. இப்படிக் கதையோடு சொல்லிக்கொடுக்கலாமா?
ம.

அன்புள்ள ம.,
மகளுக்காக இவ்வளவு மெனக்கெடுகிற அம்மாவைத் திட்ட மனம் வரவில்லை. ஆனாலும் பிள்ளைக்கு ஊட்டுமுன் ஒரு தடவை முகர்ந்து பார்க்கக் கூடாதா?

மணி, குத்துச்சண்டை மணி. அந்தக் காலப் போட்டிகளில், விழுந்து கிடப்பவனுக்கு நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடிகிற மணி அடித்துவிட்டால் அவன் தப்பித்தான். சரி, அது போகட்டும்.

கூரைதான் என்னை விடமாட்டேன் என்கிறது. 1999இல் அந்தக் கதை மின்னஞ்சலில் சுற்றியபோது நானும் நம்பினேன். இருபது பேருக்கு அனுப்பியும் வைத்தேன். ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஆயுள் முழுக்கக் கூரை வீட்டில் இருந்தவள். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மழை வந்தா நாய் திண்ணைக்கு வருமா, கூரை மேல ஏறுமாடா?" என்றாள்.

கதை அங்கேயே செத்தது. இங்கிலாந்துக் கூரையும் நாணலோ கோதுமைத் தாளோ அடர்த்தியாக வேய்ந்து, நல்ல சரிவாக இருப்பதுதான். மழை மேலோடு வழிந்து போய்விடும், உள்ளே ஒளிந்த எலிகூட நனையாது. வழுக்கி விழ வேண்டுமானால் நாய் உச்சியில் நின்று நனைந்துகொண்டிருக்க வேண்டும். கூரை வீட்டில் ஒரு மழைக்குக்கூட ஒதுங்காத யாரோ கட்டிவிட்டது இது.

எழுத்தாளர் ஜோனத்தன் ஸ்விஃப்ட் 1710இல் எழுதிய லண்டன் மழைக் கவிதையில் செத்த நாய்க்குட்டிகளும் பூனைகளும் கசாப்புக் கழிவோடு வெள்ளத்தில் உருண்டு வரும். அதுதான் மூலம் என்று சிலர் குதிப்பார்கள். அதற்கும் முன்பே, 1653இல் அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில், 'டாக்மாட்டா போல்லா' என்ற கிரேக்கச் சொற்கள் மழையாகப் பொழியும் என்று ஆரம்பித்து, அதே மூச்சில் 'டாக்ஸ் அண்ட் போல்கேட்ஸ்' என்று முடிகிறது ஒரு வசனம் (போல்கேட் என்பது கீரி போன்ற ஒரு விலங்கு). வெறும் ஒலி விளையாட்டு. எனக்கு அது கூரையைவிட ருசியாக இருக்கிறது.

மகளைப் பற்றி அல்லவா கேட்டீர்கள்! அடுத்த மழைக்கு அவளை வாசலுக்குக் கூட்டிப் போங்கள். தெரு நாய் எங்கே ஒதுங்குகிறது என்று அவளே பார்க்கட்டும். அப்புறம் அந்தத் தொடரைச் சொல்லுங்கள்.