இட்லி ஏன் பந்தாகிறது?

வணக்கம்.

குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், கண், வாய் வைத்த சாப்பாட்டுப் பொம்மைகள் போட ஆரம்பித்திருக்கிறேன். ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சு எல்லாம் ஒழுங்காக வந்தன. இட்லிதான் வர மாட்டேன் என்கிறது. உருண்டையாகப் போட்டு, பஞ்சைக் குறைத்து அமுக்கிப் பார்த்தேன்; காற்றுப் போன பந்து மாதிரி தொங்குகிறது. மெதுவடையில் நடு ஓட்டை அடைத்துக்கொள்கிறது, கண்ணிகளுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சும் தெரிகிறது. 8 ப்ளை தடிமனுள்ள காட்டன் நூல். ஊசி, நூல் லேபிளில் போட்டிருந்தபடி 4 மி.மீ. எங்கே தப்பு?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஊசி. லேபிளில் இருப்பது சால்வை, ஸ்வெட்டர் போடுகிறவர்களுக்கான அளவு. அங்கே துணி இளக்கமாக விழ வேண்டும். பஞ்சு அடைக்கிற பொம்மைக்கு அதுவே வினை. உங்கள் நூலுக்கு 3 மி.மீ. எடுங்கள், கை தளர்வாகப் போடுகிறவர் என்றால் 2.5. விரல் கொஞ்சம் வலிக்கும், ஆனால் பஞ்சு எட்டிப் பார்க்காது.

இனி இட்லி. பஞ்சைக் கூட்டிக் குறைத்து உருவம் கொண்டுவர முடியாது. எந்தச் சுற்றில் எத்தனை கண்ணி என்பதுதான் உருவம். சுற்றுக்கு 6 கண்ணி கூட்டிக்கொண்டே (ஒரே கண்ணியில் இரண்டு போடுவதுதான் கூட்டல்) போனால் தட்டையான வட்டம் வரும். நடுவில் கூட்டாமல் ஒரு சுற்று போட்டால் அந்த இடத்தில் குழியத் தொடங்கும். ஆரஞ்சுக்கு நீங்கள் நடுவில் கூட்டாமல் பல சுற்று போட்டு, பிறகு குறைத்திருப்பீர்கள். இட்லிக்கு அந்த நடுப்பகுதியே கிடையாது. மேலும் கீழும் ஒரு விளிம்பில் சந்திக்கின்றன. அதனால் இரண்டு துண்டாகப் போட்டு இணைப்பதுதான் சரி.

மேல் பக்கம்: மேஜிக் ரிங்கில் (இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும் நூல் வளையம்) 6 சிங்கிள் (குட்டையான அடிப்படைக் கண்ணி). பிறகு 12, 18, 24, 30, 36, 42, 48. மொத்தம் 8 சுற்று, குறுக்களவு ஏறக்குறைய 7.5 செ.மீ. இட்லித் தட்டின் குழியில் கிடக்கும் பக்கம்: 6, 12, 18, 24, 30, 36, கூட்டாமல் ஒரு 36, அடுத்து 42, மறுபடி 42, கடைசியாக 48. இதில் 10 சுற்று; தானாகவே குழிந்து வரும்.

கூட்டும் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். இட்லியில் இது அசிங்கமாகத் தெரியும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இடம் மாற்றுங்கள். உதாரணமாக, 30-இலிருந்து 36-க்குப் போகும்போது முதலில் 2 சாதாக் கண்ணி, ஒரு கூட்டல். பிறகு 4 சாதா, ஒரு கூட்டல் என்று ஐந்து முறை. முடிவில் 2 சாதா. கணக்கு அதேதான், மூலை தெரியாது.

இணைக்கும் முன் முகத்தை முடித்துவிடுங்கள். குழிந்த துண்டின் வெளிப்பக்கத்தில் 4, 5-ஆம் சுற்றுகளுக்கு நடுவே 6 கண்ணி இடைவெளியில் கண்கள். வாய் அதே வரிசையில், கண்களுக்கு நடுவே, 2 கண்ணி அகலம் போதும். கண்களை நெருக்கி வைத்து வாயைக் கீழே இறக்கினால் பொம்மைக்கு வயதாகிவிடும்! 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டவே வேண்டாம், கறுப்பு எம்பிராய்டரி நூலில் தைத்துவிடுங்கள்.

இரண்டு துண்டுகளின் உள்பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து, 48 கண்ணியையும் இரண்டிலும் ஊசி விட்டுச் சிங்கிளால் இணையுங்கள். 10 கண்ணி மிச்சம் இருக்கும்போது நிறுத்திப் பஞ்சு வையுங்கள். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சுதான் நல்லது. இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிதட்டும். ஓரம் வரை மெல்லிசாகப் பரப்பி, நடுவில் மட்டும் கொஞ்சம் கூட. சிங்கிளால் இணைத்த அந்த மேடுதான் இட்லியின் விளிம்பாக நிற்கும். அதை மறைத்துத் தைக்க வேண்டாம். நிறம் பளீர் வெள்ளையைவிட, லேசாக மங்கிய வெள்ளை பொருத்தம். அழுக்கும் சீக்கிரம் தெரியாது.

வடைக்கு 18 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, முறுக்கில்லாமல் வளையமாக்குங்கள். சுற்றுகள் 18, 24, 30, 36. 36-லேயே இன்னும் நான்கு சுற்று. பிறகு 30, 24, 18. கடைசி ஓரத்தை முதல் செயினோடு சேர்த்துத் தைக்க வேண்டும். ஓட்டை அடைபடுவதற்குக் காரணம், முழுக்கத் தைத்துவிட்டு மிச்ச இடைவெளியில் பஞ்சைத் திணிப்பது. அது உள்பக்கம்தான் பிதுங்கும். நாலைந்து கண்ணி தைத்ததும் கொஞ்சம் பஞ்சு, அதையும் வெளி ஓரத்தை நோக்கித் தள்ளி, பிறகு அடுத்த நாலைந்து கண்ணி என்று போங்கள். அப்படியும் சுருங்கினால் 24 செயினில் தொடங்கி எல்லாச் சுற்றின் எண்ணிக்கையிலும் 6 கூட்டிக்கொள்ளலாம்.

பழுப்பு நூலில் வெள்ளைப் பஞ்சு தெரிவது 3 மி.மீ. ஊசியிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால், பழைய பழுப்பு ஸ்டாக்கிங்ஸில் ஒரு துண்டு வெட்டி, பஞ்சை அதில் சுற்றி உள்ளே வையுங்கள்.