ஏஜென்ட் பேசவில்லை, அலர்ட் நிற்கவில்லை: ஜாபிக்ஸ் கேள்வி பதில்

சர்வர், ஸ்விட்ச், யூபிஎஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க ஜாபிக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பத்து வருடத்துக்கு மேல் இதோடுதான் என் வேலை, அதனால் முடிந்தவரை எல்லோருக்கும் பதில் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: சிக்கல் தீர்ந்தால் எதனால் தீர்ந்தது என்று இங்கே ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

கேள்வி: அக்கா, புது லினக்ஸ் சர்வரில் ஏஜென்ட் (மெஷினின் விவரங்களை ஜாபிக்ஸுக்குத் தரும் சின்ன நிரல்) போட்டேன். சர்வீஸ் ஓடுகிறது, பிங் போகிறது, ஆனால் ஜாபிக்ஸ் திரையில் அதன் ஐகான் சிவப்பாகவே இருக்கிறது. இரண்டு முறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டும் பார்த்துவிட்டேன்.

பதில்: திரும்பப் போடுவதால் இது தீராது, அதை முதலில் நிறுத்துங்கள். சிவப்பு ஐகான் என்றால் பாசிவ் செக் தோற்கிறது என்று அர்த்தம், அதாவது ஜாபிக்ஸ் சர்வர் உங்கள் மெஷினின் 10050 போர்ட்டில் (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) வந்து கேட்கிறது, பதில் கிடைக்கவில்லை. பிங் போவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜாபிக்ஸ் சர்வருக்குள் போய், அங்கிருந்து ஜாபிக்ஸ் கெட் என்ற சின்னக் கருவியால் ஏஜென்ட் பிங்கைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து கேட்டால் பயனில்லை, ஏஜென்ட் அதை மறுத்துவிடும். பதில் 1 வந்தால் வழி திறந்திருக்கிறது. ஒன்றும் வராமல் காத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ஃபயர்வால். உடனே துண்டித்தால் ஏஜென்டின் லாக்கைத் திறங்கள், அதில் இந்த முகவரியிலிருந்து வந்த இணைப்பை மறுத்தேன், எனக்கு அனுமதி உள்ள முகவரி இது என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கும். அந்த முதல் முகவரிதான் உங்களுக்கு வேண்டியது. அது உங்கள் நெட்வொர்க்கில் எந்த மெஷின் என்று உறுதி செய்துகொண்டு, ஏஜென்ட் கான்ஃபிக் ஃபைலில் சர்வர் (Server=) என்று தொடங்கும் வரியில் போட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நடுவில் சர்வருக்காகத் தரவைச் சேகரித்து அனுப்பும் ப்ராக்ஸியோ, மென்பொருளைத் தனி அறை மாதிரி பிரித்து ஓட்டும் டாக்கரோ இருந்தால் நீங்கள் நினைக்கும் முகவரியும் உண்மையில் வந்து நிற்கும் முகவரியும் ஒன்றாக இருக்காது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஆக்டிவ் ஏஜென்ட் மட்டும்தான். விண்டோஸ் மெஷின் ஒன்றில் ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் மெஷின்) கிடைக்கவில்லை என்று லாக்கில் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் திரையில் அந்த ஹோஸ்ட் இருக்கிறது!

பதில்: ஆக்டிவ் முறையில் திசை மாறிவிடுகிறது, ஏஜென்ட்தான் சர்வரின் 10051-க்குப் போய் "நான் இன்னார், என்னிடம் என்னென்ன வேண்டும்" என்று கேட்கிறது. அந்த இன்னார் என்ற பெயர் திரையில் உள்ள ஹோஸ்ட் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. கான்ஃபிக்கில் பெயரே கொடுக்காமல் விட்டிருந்தால் விண்டோஸ் ஏஜென்ட் நெட்பயாஸ் பெயரை எடுத்துக்கொள்ளும். அது முழுக்கப் பெரிய எழுத்து, 15 எழுத்தோடு வெட்டுப்பட்டும் இருக்கும். உங்கள் மெஷின் பெயர் நீளமா என்று பாருங்கள்.

லினக்ஸில் இதன் இன்னொரு முகம் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே பிழைச் செய்தியே வராது. பேக்கேஜோடு வரும் கான்ஃபிக் ஃபைலில் ஹோஸ்ட்நேம் இடத்தில் "ஜாபிக்ஸ் சர்வர்" என்றே எழுதியிருக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே இமேஜிலிருந்து 11 மெஷின்களைக் குளோன் செய்திருந்தார்கள், எவரும் அந்த வரியைத் தொடவில்லை. 11 மெஷின்களும் அந்த ஒரே பெயரில் தரவு அனுப்ப, ஜாபிக்ஸ் சர்வரின் சிபியு கிராஃப் ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது, ஒரு புள்ளி 4 சதவீதம், அடுத்த புள்ளி 90, மறுபடி 6. டேட்டாபேஸைச் சந்தேகித்து இரண்டு நாள் போனது. கடைசியில் மெமரி அளவு ஐட்டத்தைத் திறந்தேன் (ஜாபிக்ஸ் எடுக்கும் ஒவ்வோர் அளவீடும் ஓர் ஐட்டம்). மொத்த மெமரி 8 ஜிபி, 64 ஜிபி, 8 ஜிபி என்று மாறி மாறி வந்திருந்தது. ஒரு மெஷினின் ரேம் நிமிடத்துக்கு நிமிடம் மாறாதே, அதைப் பார்த்த நிமிடமே புரிந்துவிட்டது. கிராஃப் விசித்திரமாகத் தெரிந்தால் மாறவே கூடாத ஓர் ஐட்டத்தின் கடைசி மதிப்புகளைப் பாருங்கள்.

கேள்வி: தரவு ஒழுங்காக வருகிறது, ஐகான் மட்டும் சாம்பல் நிறம். தவறா?

பதில்: ஆக்டிவ் ஐட்டம் மட்டும் உள்ள ஹோஸ்டுக்குப் பழைய பதிப்புகளில் அப்படித்தான் இருக்கும், தவறில்லை. 6.2 முதல் ஆக்டிவ் ஏஜென்டும் உயிரோடு இருப்பதாக அவ்வப்போது சொல்லி அனுப்புகிறது, அதனால் அங்கே பச்சை வரும்.

கேள்வி: மேடம், 150 சர்வர், வந்த மதிப்புகளை அப்படியே சேமிக்கும் ஹிஸ்டரி 90 நாள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டிஸ்க் நிறைந்துகொண்டே போகிறது, திரையும் மெதுவாகிவிட்டது. பழைய தரவை அழிக்கும் ஹவுஸ்கீப்பர் எப்போதும் 100 சதவீதம் பிஸி. அதை நிறுத்திவிடலாமா?

பதில்: வேறு வழி செய்யாமல் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் எதுவுமே அழியாது, டிஸ்க் இன்னும் சீக்கிரம் நிறையும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சர்வருக்கு 100 ஐட்டம், நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மொத்தம் 15,000 ஐட்டம், விநாடிக்கு 250 மதிப்பு. ஒரு நாளைக்கு 2 கோடியே 16 லட்சம் வரிகள். ஒரு எண் மதிப்புக்குத் தோராயமாக 90 பைட் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 2 ஜிபி, 90 நாளுக்கு 175 ஜிபி. இவ்வளவு உள்ளே வரும்போது அதே வேகத்தில் பழையதை டெலிட் செய்ய ஹவுஸ்கீப்பர் படும் பாடுதான் அந்த 100 சதவீதம். டெலிட் செய்தாலும் மைஎஸ்கியூஎல் ஃபைலின் அளவு குறையாது, அந்த இடத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

முதலில் ஹிஸ்டரியைக் குறைக்கலாமா என்று யோசியுங்கள். ட்ரெண்ட்ஸ் என்ற பகுதியில் மணிக்கு ஒரு வரியாகக் குறைந்தது, கூடியது, சராசரி மூன்றும் தனியாகச் சேமிக்கப்படுகின்றன, அதை ஒரு வருடம் வைத்தாலும் பெரிய இடம் பிடிக்காது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை 3 மணி 17 நிமிடத்தில் சிபியு எவ்வளவு என்று எவராவது கேட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் 14 நாள் ஹிஸ்டரி போதும். அடுத்தது ஹிஸ்டரி டேபிள்களை நாள் வாரியாகத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது (பார்ட்டிஷன்), பழைய நாளை மொத்தமாக டிராப் செய்தால் ஒரு நொடி வேலை, அதற்குப் பிறகு ஹிஸ்டரிக்கு மட்டும் ஹவுஸ்கீப்பரை நிறுத்தலாம். மைஎஸ்கியூஎலில் இதற்குப் பயனர்கள் எழுதிப் பகிர்ந்த ஸ்கிரிப்டுகள்தான் பல இடங்களில் ஓடுகின்றன. புதிதாகத் தொடங்குபவர் என்றால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோடு அதன் டைம்ஸ்கேல்டிபி நீட்சியைப் போடச் சொல்வேன். அப்புறம் மைஎஸ்கியூஎல் தரவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூல் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். தொடாமல் விட்டால் 128 எம்பிதான், திரை மெதுவாக இருக்க அதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: நேற்று இரவு 2 மணிக்கு ஒரு ஸ்விட்ச் போனதில் எனக்கு 140 மெசேஜ். இதில் எது உண்மையான பிரச்சினை என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகிவிட்டது அக்கா.

பதில்: பாவம், தூக்கமும் போய் நேரமும் போயிருக்கும். இப்படிப் பத்து இரவு போனால் எந்த மனிதரும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார், அப்புறம் உண்மையான அலர்ட்டும் போய்விடும், அதனால் இதை ஒரு நாள் ஒதுக்கிச் சரிசெய்யுங்கள். டிரிக்கர் என்பது அலர்ட்டை அடிக்க வைக்கும் நிபந்தனை, ஒன்றை இன்னொன்றைச் சார்ந்ததாக்க டிரிக்கர் டிபென்டன்சி என்று இருக்கிறது. ஸ்விட்சுக்குப் பின்னால் உள்ள சர்வர்களின் "எட்டவில்லை" டிரிக்கர் ஒவ்வொன்றையும் ஸ்விட்சின் "எட்டவில்லை" டிரிக்கரைச் சார்ந்ததாக வைத்தால், ஸ்விட்ச் விழும்போது ஒரே மெசேஜ் வரும். ஒரு விஷயம் கவனம்: ஸ்விட்ச் செக் சர்வர் செக்கைவிட அடிக்கடி ஓட வேண்டும். ஸ்விட்சை 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் சர்வரை நிமிடத்துக்கு ஒருமுறையும் பார்த்தால் சர்வர்கள்தான் முதலில் கத்தும், டிபென்டன்சி இருந்தும் உதவாது.

இன்னொன்று, சிபியு 90-ஐத் தொட்டதும் அலர்ட், 89 ஆனதும் சரி, மறுபடி 91 அலர்ட் என்று ஆடும் டிரிக்கர்கள். கடைசி மதிப்பை வைத்து எழுதாதீர்கள். 5 நிமிடத்தின் குறைந்தபட்ச மதிப்பு 90-க்கு மேல் என்று எழுதினால், 5 நிமிடமும் இறங்காமல் இருந்தால் மட்டும்தான் அடிக்கும். சரியானதாக அறிவிக்கத் தனியாக ரெகவரி நிபந்தனை கொடுக்க முடியும், அங்கே 80-க்குக் கீழ் என்று வையுங்கள்.

கேள்வி: கிளை அலுவலகத்தில் ப்ராக்ஸி இருக்கிறது. லிங்க் 4 மணி நேரம் போய்த் திரும்பியது. ப்ராக்ஸி தரவைச் சேர்த்து வைத்து அனுப்பும் என்றார்கள், ஆனால் கிராஃபில் 3 மணி நேரம் ஓட்டை.

பதில்: சேர்த்து வைத்தது, ஒரு மணி நேரத்துக்கு மட்டும். ப்ராக்ஸி கான்ஃபிக்கில் ஆஃப்லைன் பஃபர் என்ற அளவு இயல்பாக 1 மணி. அதை 24 அல்லது 48 ஆக்குங்கள், 720 வரை போகலாம், ப்ராக்ஸியின் டிஸ்க் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். போன 3 மணி நேரம் போனதுதான்.

கேள்வி: ஒரே மாடல் ஸ்விட்ச் இரண்டு, நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு (வி3). ஒன்று வேலை செய்தால் இன்னொன்று செய்வதில்லை. பாஸ்வேர்டு சரி.

பதில்: ஒன்றின் கான்ஃபிக்கை அப்படியே இன்னொன்றில் ஏற்றினீர்களா? இரண்டுக்கும் ஒரே எஞ்சின் ஐடி (எஸ்என்எம்பியில் கருவியின் அடையாளம்) இருக்கும். வி3-இல் அது கருவிக்குக் கருவி வேறாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றில் மாற்றிவிட்டு, பயனர் கணக்கையும் அதில் புதிதாக உருவாக்குங்கள், பிறகு ஜாபிக்ஸில் எஸ்என்எம்பி கேஷை ரீலோட் செய்யுங்கள்.

கேள்வி: போலர் (தரவைக் கேட்டு வாங்கும் பிராசஸ்) 75 சதவீதத்துக்கு மேல் பிஸி என்று எச்சரிக்கை. எண்ணிக்கையை 5-லிருந்து 200 ஆக்கட்டுமா?

பதில்: முதலில் க்யூ பக்கத்தைத் திறந்து எந்த ஹோஸ்டின் ஐட்டங்கள் தேங்குகின்றன என்று பாருங்கள். பதில் சொல்லாத ஒரு ஸ்கிரிப்டோ கருவியோ ஒவ்வொரு முறையும் டைம்அவுட் ஆகும்வரை ஒரு போலரைப் பிடித்து வைத்திருக்கும், இயல்பாக 3 விநாடி, அதை 30 ஆக்கி வைத்திருந்தால் 30 விநாடியும். எடுத்துவிட்ட பழைய மெஷின்களைத் திரையிலிருந்து நீக்கினாலே பாதி குறைவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் 20, 30 என்று ஏற்றுங்கள், ஒவ்வொரு போலரும் டேட்டாபேஸ் இணைப்பு ஒன்றைப் பிடிக்கும். 7.0 என்றால் ஏஜென்டுக்கும் எஸ்என்எம்பிக்கும் புது வகைப் போலர்கள் வந்துவிட்டன, ஒன்றே ஒரே நேரத்தில் 1000 செக் வரை கையாளும்.

கேள்வி: இது உண்மையில் பிழை என்று நினைக்கிறேன், ஆனால் எங்கே சொல்வது? என் ஆங்கிலம் சுமார்தான், தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்கவே வேண்டாம். ஜாபிக்ஸுக்குப் பொதுவான டிராக்கர் இருக்கிறது, பிழைக்கு ஒரு பகுதி, புது வசதி கேட்க இன்னொரு பகுதி, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். முதலில் தேடுங்கள், ஏற்கெனவே இருந்தால் அங்கே ஓட்டுப் போட்டு உங்கள் விவரத்தைச் சேர்த்தாலே போதும். புதிதாக எழுதினால் அழகான ஆங்கிலத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. பதிப்பு எண், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், என்ன செய்தால் திரும்ப வருகிறது, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, லாக். இவ்வளவுதான் வேண்டும். லாக் எடுக்க சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, ஓடும்போதே போலர் மாதிரி ஒரே ஒரு வகைப் பிராசஸுக்கு மட்டும் லாக் அளவை ஏற்றி, இரண்டு நிமிடம் விட்டு, இறக்கிவிடலாம். ஒட்டுவதற்கு முன் பாஸ்வேர்டு, எஸ்என்எம்பி கம்யூனிட்டி பெயர், உள் முகவரிகள் எல்லாவற்றையும் அழியுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

கேள்வி: மேலாளர் கேட்கிறார், இலவசம் என்கிறீர்களே, நாளைக்குக் காசு கேட்டால்?

பதில்: லாட்வியாவில் அலெக்ஸெய் விளாடிஷெவ் 1998-இல் எழுத ஆரம்பித்து 2001-இல் வெளியிட்டது, 2005-இல் நிறுவனமானது. ஆதரவு ஒப்பந்தம், பயிற்சி மாதிரி சேவைகளுக்குத்தான் காசு வாங்குகிறார்கள். 7.0 முதல் லைசன்ஸ் ஜிபிஎல்-இலிருந்து ஏஜிபிஎல் 3-க்கு மாறியது, உங்கள் அலுவலகத்துக்குள் வைத்துப் பயன்படுத்துவதற்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை. மூல நிரலை மாற்றி மற்றவர்களுக்கு நெட்வொர்க் வழியாகச் சேவையாகக் கொடுப்பவர்கள்தான் அதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். எல்லோரும் கேட்பதைப் படிக்கிறேன், பதில் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியாதே?

பதில்: தம்பி, 4 ஜிபி ரேம் கொடுத்து ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஜாபிக்ஸ் போடுங்கள், உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் வேண்டுமென்றே கெடுங்கள். ஹோஸ்ட் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுங்கள், 10050 போர்ட்டை மூடுங்கள், டேட்டாபேஸை நிறுத்துங்கள், ஒவ்வொரு முறையும் லாக்கில் என்ன வரி வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து வரி சேர்ந்தால் இங்கே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லலாம். உங்கள் ஊரில் விற்கும் யூபிஎஸ் ஒன்றுக்கு டெம்ப்ளேட் (எதை எப்படிக் கண்காணிப்பது என்ற தயார் தொகுப்பு) செய்தால் அதையும் பயனர் டெம்ப்ளேட் தொகுப்பில் போடுங்கள், நாளை அதே யூபிஎஸ் வாங்குபவருக்கு அரை நாள் மிச்சம்.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டது நான்தான். சரியாகிவிட்டது, மிக்க நன்றி!

பதில்: சந்தோஷம். எதனால் சரியானது?

கேள்வி: மன்னியுங்கள், எழுத மறந்துவிட்டேன். லாக்கில் மறுத்த முகவரி எங்கள் ஜாபிக்ஸ் சர்வருடையது இல்லை, நாங்கள் போன மாதம் போட்ட ப்ராக்ஸியுடையது. ஹோஸ்டை ப்ராக்ஸி பார்க்கும்படி வைத்துவிட்டு ஏஜென்டில் சர்வர் முகவரியையே விட்டிருந்தேன். மாற்றியதும் ஒரு நிமிடத்தில் பச்சை வந்துவிட்டது.

பதில்: அருமை. இதே மாதிரி சிவப்பு ஐகானோடு இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், அவர்களிடமும் ப்ராக்ஸி இருக்கிறது. உங்கள் இந்தப் பதிலையே அவர்களுக்குக் காட்டுகிறேன்.