திகில் படங்களில் கொலைகாரனை ஏன் இனிமையானவனாகக் காட்டுகிறார்கள்?

பார்க்க நல்லவனாக, பேச்சில் கூச்சமும் கனிவும் உள்ளவனாக இருந்துகொண்டே கொலை செய்யும் ஒருவனைச் சுற்றி நடக்கும் திகில் கதை ஒரு தனி வகை. அது வேலை செய்வதற்குக் காரணம் எளிது: நமக்குப் பிடித்துப்போன ஆளைச் சந்தேகிக்க மனம் வராது. குரைக்கிற நாயைக் கண்டால் ஒதுங்கிப் போகிறோம்; வாலாட்டிக்கொண்டே வந்து கவ்வும் நாயிடம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) இதற்குச் சரியான உதாரணம். மூல நாவலில், மோட்டல் (சாலையோர விடுதி) நடத்தும் கொலைகாரன் நார்மன் பேட்ஸ் பருத்த உடம்புள்ள நடுத்தர வயதுக்காரன், குடிப்பவன். படத்திலோ ஒல்லியான, வெட்கப்படும் இளைஞனாக அந்தோனி பெர்கின்ஸ். மோட்டலில் தங்க வந்த பெண்ணுக்கு சாண்ட்விச்சும் பாலும் கொண்டுவந்து கொடுக்கிறான், பாவம்! பிற்பாடு, குளியலறையில் கொலையுண்ட அவள் உடலோடு காரைச் சதுப்பில் தள்ளும்போது, கார் பாதி மூழ்கி ஒரு கணம் நின்றுவிடும். ‘ஐயோ, மூழ்கிவிடணுமே’ என்று நமக்கே பதறும். ஹிட்ச்காக்கின் அசல் குறும்பு குளியலறைக் கொலையில் இல்லை, இங்கேதான் என்பேன்.

அப்புறம், இது ரத்தக்களறியான படம் என்று பார்க்காதவர்கள் பலர் நினைக்கிறார்கள். கருப்பு வெள்ளையில் எடுத்த அந்தக் குளியலறைக் காட்சியில் தண்ணீரோடு ஓடுவது சாக்லேட் சிரப், கத்தி உடலில் இறங்குவதையும் படம் காட்டுவதில்லை என்றே சொல்லலாம்.