மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்

அரூர் பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, கணிதம்-உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மார்க்கும் நன்றாகவே இருக்கிறது. சென்னையில் இருக்கும் சித்தப்பா ஒரு தனியார் கல்லூரியில் ஏஐ பிரிவுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசி வைத்துவிட்டார், நாலு வருடத்துக்கு 12 லட்சமாம். மகளோ ஏரியையும் காட்டையும் யார் நிர்வாகம் பண்ணுகிறார்கள், எந்தச் சட்டத்தில் பண்ணுகிறார்கள், அதைத்தான் படிப்பேன் என்கிறாள். "இப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, இருந்தாலும் சோறு போடுமா, தூக்கமே வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அண்ணா, 12 லட்சம் கடன் கண்ணெதிரே நிற்கும்போது யாருக்குத்தான் தூக்கம் வரும்? அதனால் பணத்திலிருந்தே தொடங்குகிறேன். கல்விக் கடன் 4 லட்சம் வரை என்றால் வங்கி சொத்து கேட்காது, ஏழரை லட்சத்தைத் தாண்டினால் அடமானம் கேட்கும். உங்களிடம் அடமானம் வைக்க இருப்பது அந்த ஒன்றரை ஏக்கர் நிலம்தான். வைக்காதீர்கள். ஏஐ படிப்பு மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அதைத்தான் படிக்க வேண்டுமென்றால் கலந்தாய்வில் போகட்டுமே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021இலேயே சட்டமாகிவிட்டது, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022இல் வந்தது. இதில் எதையாவது சித்தப்பா உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். சீட் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

இனி மகள் விஷயம். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டியிருந்த மீன்பாசி ஏல (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) நோட்டீஸைப் போட்டோ எடுத்து வந்து, "இந்தப் பணம் யாருக்குப் போகுது, ஏரியைத் தூர்வார ஏன் வரலை" என்று கேட்டாள், அதிகப்பிரசங்கி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடிதத்தில் பிடித்ததே அந்த இடம்தான். ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உள்ளே நட்ட கருவேல மரம் வனத்துறை கணக்கு. வண்டல் எடுக்கத் தாலுகா ஆபீஸ், மண் விற்பனைக்குப் போனால் கனிம வளத் துறை, கரையில் ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை. ஒரே தண்ணீருக்கு இத்தனை முத்திரை. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே இயற்கை வளக் கொள்கை, நிர்வாகம் என்று பல்கலைக்கழகங்களில் படிப்பு இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் முதுகலையில்தான் அந்தப் பெயரில் கிடைக்கும், அதற்கு முன்னால் ஓர் அடித்தளப் பட்டம் வேண்டும்.

அந்தப் பட்டத்துக்கு நான் சொல்வது மேட்டுப்பாளையம். கோத்தகிரி சாலையில் இருக்கும் வனக் கல்லூரி, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, பி.எஸ்சி. வனவியல், நாலு வருடம். மரத்தைப் பற்றி மட்டும் படிப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி மரத்தின் சுற்றளவு எடுப்பதில் ஆரம்பித்து, ஒரு காட்டில் எவ்வளவு மரம் நிற்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வருடக் கணக்கில் திட்டம் போடுவது வரை போகும். காட்டுயிர், மண், நீர்ப்பிடிப்பு, வனச் சட்டம், வனக் கொள்கை, பொருளாதாரம் எல்லாம் உண்டு. மகள் கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் போகிற இளநிலைப் படிப்பு நம் மாநிலத்தில் எனக்குத் தெரிந்து இதுதான்.

முடித்தால் என்ன? டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத் தொழில்பழகுநர் தேர்வில், அதாவது ரேஞ்சர் வேலைக்குப் போகும் வழியில், வனவியல் பட்டத்துக்கு முன்னுரிமை. இந்திய வனப்பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு, நாடு முழுவதற்கும் சேர்த்து அண்மை ஆண்டுகளில் சுமார் 150 இடம்தான், அதனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன், பலர் கடைசியில் வந்து தலையில் கைவைத்து உட்காரும் இடம் இது. வனப்பணித் தேர்வுக்கு எந்த டிகிரியும் செல்லாது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் (ஜியாலஜி), கால்நடை மருத்துவம் இவற்றில் ஒன்று பட்டப் படிப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேளாண்மை, வனவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். புவியியல் (ஜியாகிரஃபி) அந்தப் பட்டியலில் இல்லை. அப்புறம் நடைத் தேர்வு ஒன்று உண்டு, பெண்களுக்கு 14 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குள். உங்கள் மகள் சைக்கிளை விட்டுவிட்டு இப்போதே நடக்கலாம்.

அரசு வேலை வேண்டாம் என்றால் போபால். அங்கே இந்திய வன மேலாண்மை நிறுவனம் 1982இல் வந்தது, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, வன மேலாண்மையில் எம்.பி.ஏ. தருகிறார்கள். கேட் (CAT) தேர்வு எழுதிப் போகலாம். கட்டணம் லட்சங்களில்தான். ஆனால் கடன் வாங்குவதென்றால் இருபத்தொரு வயதில், தனக்கு எது வேண்டும் என்று தெரிந்த பிறகு, அவளே கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். தண்ணீர்ப் பக்கம் மனசு போனால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புகளூர் காகித ஆலை மாதிரி இடங்களில் விவசாயிகளை வைத்து மரம் வளர்க்கும் பிரிவுகள் உண்டு, நீர்ப்பிடிப்புத் திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனங்கள் உண்டு. ஐ.டி. மாதிரி கேம்பஸுக்கு வந்து கூட்டம் கூட்டமாக ஆளெடுக்க மாட்டார்கள், ஆரம்பச் சம்பளமும் குறைவாகத்தான் இருக்கும். இதை மறைத்தால் நான் ஆலோசகனே இல்லை.

கடிதத்தின் கடைசியில் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியது உங்கள் பக்கத்து மலையடிவாரக் கிராமமான வாச்சாத்தியைப் பற்றி. "ஃபாரஸ்ட்டுன்னாலே எங்க ஊர்ல வயிறு எரியும், அங்க எப்படிப் பொண்ணை அனுப்புறது." நியாயமான கேள்வி. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்து மக்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்து, வீடுகளைச் சூறையாடியது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்து, காட்டில் வாழ்கிறவர்களின் உரிமைக் கோரிக்கையை கிராம சபையிலிருந்தே தொடங்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்துச் சித்தேரி மலையில் உட்கார்ந்து மனுவைப் படிக்க ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்த நாற்காலியில் அரூர்ப் பெண் ஒருத்தி உட்காருவதில் உங்களுக்கு என்ன சங்கடம்? அந்தத் துறை நாசமாகப் போனது என்று ஒதுங்கிக்கொண்டால் அது அப்படியேதான் இருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வேளாண் பல்கலைக்கழக விண்ணப்பம் தனி, பொறியியல் கலந்தாய்வு தனி, இரண்டையும் போடுங்கள். விருப்பப் பட்டியலில் வனவியலை முதலில் வைக்கட்டும், படிப்பின் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்கட்டும், அதே மேட்டுப்பாளையம் வளாகத்தில் பட்டு வளர்ப்புப் படிப்பும் இருக்கிறது, மாறிப் போய்விடக் கூடாது. இடங்கள் குறைவு, கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் அல்லது நிலவியல், வனப்பணிக்கும் போபாலுக்கும் வழி திறந்தே இருக்கும். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். சித்தப்பாவிடம் கலந்தாய்வு முடியட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அதுவரை அந்தத் தனியார் கல்லூரிக்கு அட்வான்ஸ் ஒரு பைசா கட்டாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அசல் மார்க் ஷீட்டைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.